எடைமேடைக் கம்ப்யூட்டருக்கு எது பொருந்தும்

ஆர்வோ கெட்டுனென் லெம்பி நிஸ்கலாவிடம் நாலாயிரத்து இருநூறு டாலர் கடன் வாங்கியிருந்தார். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. போன இலையுதிர் காலத்தில் டிரக்கின் கியர்பாக்ஸும் பழைய லேப்டாப்பும் ஒரே வாரத்தில் உயிரை விட்டபோது, நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கின் கல்லாவைத் திறந்து லெம்பி எடுத்துக் கொடுத்த பணம் அது. மர மில்லுக்கு எழுதும் கம்ப்யூட்டர் நிரலை முடித்ததும் திருப்பித் தருவதாகப் பேச்சு.

பனி முழுக்க உருகிவிட்டது. நிரல் இன்னும் மில்லில் ஓடவில்லை. இதற்கு நடுவே பங்கில் இருந்த பெரிய குளிர்பெட்டி நின்றுபோனது. இன்னும் கொஞ்ச நாளில் மீன்பிடி காலம் தொடங்கும். தெற்கே கீழ் மிச்சிகனிலிருந்து படகை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் பீருக்கும் தூண்டில் புழுவுக்கும் லெம்பியிடம்தான் நிற்பார்கள். அந்த ஒன்றரை மாத வியாபாரத்தில்தான் அவருடைய வருஷமே ஓடுகிறது. குளிர்பெட்டி இல்லாவிட்டால் அவர்கள் அடுத்த பங்குக்குப் போய்விடுவார்கள்.

"புதுப்பெட்டிக்காரன் முன்பணம் கேக்குறான் ஆர்வோ. நான் என்னத்தக் குடுக்கட்டும், உன் வாய்ச்சவடாலையா?" என்று லெம்பி காப்பியை ஊற்றிக்கொண்டே கேட்டார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். அதனால் மரியாதைக்கெல்லாம் அங்கே இடமில்லை.

"வேலை முடிஞ்ச மாதிரிதான்."

"கிறிஸ்துமஸுக்கும் இதைத்தான் சொன்ன."

"அப்பவும் முடிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு."

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் ஆர்வோ. பதினாறு வயதில் காட்டுக்குள் இறங்கி முப்பது வருஷம் மரம் வெட்டினார். ஒரு மேப்பிள் மரம் சொன்ன பக்கம் விழாமல் இடுப்பின் மேல் விழுந்தது. ஒரு குளிர்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்தபோது நூலகத்துப் புத்தகம் ஒன்றை வைத்துப் பைத்தான் என்ற நிரல்மொழியைத் தானாகக் கற்றுக்கொண்டார். வாத்தியார் இல்லை, வகுப்பு இல்லை. மாவட்டத்துப் பனி வாரும் வண்டிகள் எந்தச் சாலையை முதலில் வார வேண்டும் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது அவர் எழுதிய நிரல். யார் கேட்டாலும் இதைச் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். சும்மா வந்த பெருமையா அது? இடுப்பை உடைத்துக்கொண்டு சம்பாதித்தது.

மில்லுக்கு எழுதியது அதைவிடப் பெரிய சமாசாரம். லாரி எடைமேடையில் ஏறி நின்றதும் மரங்களின் வெட்டுமுகத்தைக் கேமரா படம் பிடிக்கும். நிரல் ஒவ்வொன்றின் விட்டத்தையும் அளந்து, இந்த லோடில் இத்தனை பலகை தேறும் என்று டிக்கெட் அச்சடிக்கும். வெட்டியவனும் மில்லும் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

முழுக்கவும் தன் கையால் எழுதியது என்றுதான் ஆர்வோ சொல்வார். ஆனால் படத்தைப் படிக்க ஒன்று, கணக்குப் போட ஒன்று, டிக்கெட் அச்சடிக்க ஒன்று என்று யார் யாரோ எழுதி இணையத்தில் வைத்த பேக்கேஜுகளின் தோளில்தான் அது ஏறி நின்றது. அந்தப் பேக்கேஜுகளும் லேசுப்பட்டவை அல்ல. 'கணக்குப் பேக்கேஜ் புதுசாக இருந்தால்தான் நான் வருவேன்' என்னும் ஒன்று. 'அந்தப் புதுசு வந்தால் நான் எழுந்து போய்விடுவேன்' என்னும் இன்னொன்று. கல்யாணப் பந்தியில் பேச்சுவார்த்தை இல்லாத உறவுக்காரர்களை உட்கார வைப்பது மாதிரியான வேலை. எந்தப் பேக்கேஜில் எந்தப் பதிப்பை எடுத்தால் எல்லாரும் சண்டையில்லாமல் உட்காருவார்கள் என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

அதற்கு வழி இரண்டு. சொந்த லேப்டாப்பே இணையத்திலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, பிரித்துப் பார்த்து, ஒத்துவராவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு அதற்கு முந்தின பதிப்பை இறக்கிப் பார்க்கும். இல்லையென்றால், எல்லாப் பேக்கேஜுகளின் ஜாதகத்தையும் ஏற்கனவே வைத்திருக்கும் ஒரு சர்வரிடம் 'எனக்கு இன்னின்னது வேண்டும்' என்று கேட்டால், அது அங்கேயே கணக்குப் போட்டுப் பட்டியலைத் திருப்பி அனுப்பும். மில் முதலாளிக்கு எஸ்கனாபாவில் இன்னும் இரண்டு மில்கள் இருந்தன. அங்கே அப்படி ஒரு சர்வரை மார்னி டெலோங் என்ற பெண் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க சர்வர்கிட்டயே கேளுங்க, ஆர்வோ. ஒரு நொடி வேலை" என்று குளிர்காலத்திலேயே அவர் சொல்லியிருந்தார்.

"என் மெஷின்ல ஓடப்போறதை எஸ்கனாபால இருக்குற பெட்டி எதுக்கு முடிவு பண்ணணும்? என் வீட்டுக் கஞ்சிக்கு உப்பு பாக்க உன்னை யாரு கூப்பிட்டா?" என்று ஆர்வோ போனை வைத்துவிட்டார்.

ஏப்ரல் கடைசியில் அவர் சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, தன் வழியிலேயே வேலையைத் தொடங்கினார். அவர் வீட்டுக்குக் கம்பி வழி இணையம் வரவில்லை. போன் வழியாகத்தான், அதுவும் மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள். லேப்டாப் படம் படிக்கும் பேக்கேஜை இறக்கியது. கனமான சாமான். இறக்கி முடித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒத்துவராது என்றது. முந்தின பதிப்பை இறக்கியது. அதுவும் ஒத்துவராது. அதற்கு முந்தினது. ஆர்வோ காப்பி குடித்தார், ஏலக்காய் போட்ட நிசு ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றார், வெளியே போய் விறகை அடுக்கிவிட்டு வந்தார். லேப்டாப் இன்னும் பின்னோக்கியே போய்க்கொண்டிருந்தது, வீட்டுக்கு வழி தெரியாத குடிகாரன் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டுகிற மாதிரி. மத்தியானம் போனில் செய்தி வந்தது: இந்த மாதத்துக்கான அளவு தீர்ந்தது.

"ஒரு பேக்கேஜோட ஜாதகம் தெரியணும்னா பொண்ணையே வீட்டுக்குத் தூக்கிட்டு வரணுமாடா?" என்று லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

மில் ஆபீஸில் நல்ல இணையம் இருந்தது. ஆனால் மில்லைப் பார்த்துக்கொள்ளும் ராய்ஸ் ஹெட்மன் முன்னால் உட்கார்ந்து, லேப்டாப் இப்படி முழிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்க விடுவதா? அதற்கு வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு லெம்பியின் பங்குக்குப் போனார். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, இறைச்சியும் கிழங்கும் வைத்த பேஸ்டி ஒன்று வாங்கிக்கொண்டு, பங்கின் இணையத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

பேஸ்டியில் பாதி முடிவதற்குள் கல்லா அருகே சத்தம் எழுந்தது.

"கார்டு எடுக்க மாட்டேங்குது லெம்பி!"

"மறுபடி தேய்யி."

"தேச்சுத் தேச்சுக் கார்டுல என் பேரே அழிஞ்சுடும் போல. டாங்கு ஃபுல்லா அடிச்சுட்டேன், நான் கிளம்பட்டா?"

"கிளம்புவியா? காலை ஒடிச்சுடுவேன். நில்லு."

வரிசையில் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். பின்னால் நின்ற ஒருவர் பொறுமையிழந்து, பெட்ரோல் போடாமலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். கார்டு எந்திரத்தைத் தட்டினார் லெம்பி, வயரைப் பிடுங்கிச் செருகினார். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி ஜன்னலோர மேஜையைப் பார்த்தார்.

"ஆர்வோ. நீ என்ன பண்ணிட்டிருக்க?"

"வேலை."

"என்ன வேலை?"

"கொஞ்சம் இறக்கிட்டிருக்கேன்."

"என் லைன்லயா? கார்டு எந்திரமும் அதே லைன்லதான்யா ஓடுது! வாங்குன பணத்தைத் தரல, இப்ப வர்ற பணத்தையும் வரவிடாமப் பண்றியா? மூடு அதை!"

"இப்ப மூடுனா மறுபடி முதல்லேருந்து வரும் லெம்பி..."

லெம்பி கல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்து லேப்டாப்பைத் தன் கையாலேயே மூடினார். கார்டு எந்திரம் உடனே கீச்சென்று ரசீது துப்பியது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஆர்வோ மீதிப் பேஸ்டியைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். காது இரண்டும் எரிந்தன.

அன்று சாயங்காலம் ராய்ஸிடமிருந்து போன். "பனி உருகுனப்ப மண் ரோட்டுல லாரிக்குப் போட்ட பாரத்தடையை மாவட்டம் திங்கக்கிழமை எடுக்குதாம். அன்னைக்கே லாரி வரும். அன்னைக்கு உங்க டிக்கெட் வந்தா காசு. வரலைன்னா டெட்ராய்ட்ல ஒருத்தன் ரெடியா விக்குறான், அவன்கிட்ட வாங்கிக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க ஆர்வோ."

"நான் எதுக்குத் தப்பா எடுக்கப்போறேன்? திங்கக்கிழமை டிக்கெட் வரும்" என்றார் ஆர்வோ. போனை வைத்த பிறகுதான் தப்பாக எடுத்துக்கொண்டார். வேலை போனால் மில் தருவதாகப் பேசிய ஆறாயிரம் போகும். ஆறாயிரம் போனால் லெம்பியின் கடன் நிற்கும். லெம்பியின் குளிர்பெட்டியும் வராது.

வேறு வழியில்லை. மறுநாள் காலையில் எஸ்கனாபாவுக்குப் போன் போட்டார்.

மார்னி ஒன்றும் குத்திக்காட்டவில்லை. அதுவே ஆர்வோவுக்குக் குத்தலாக இருந்தது. தேவையான பேக்கேஜுகளின் பெயர்களை அனுப்பச் சொன்னார். அனுப்பினார். தும்மி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது: எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு, எல்லாம் வரிசையாக. ஒரு பகல் முழுக்க லேப்டாப் முக்கி முனகியும் முடியாதது.

"பாத்தீங்களா?" என்றார் மார்னி.

"பாத்தேன், பாத்தேன். ஓடட்டும், அப்புறம் பேசு."

அந்தப் பட்டியல்படி எல்லாவற்றையும் மில் ஆபீஸில் இறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு எடைமேடைக்குப் போனார். மேடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறை. உள்ளே இருந்த கம்ப்யூட்டருக்கு இணையமே கிடையாது. எடைமேடைக்கு மாநில இன்ஸ்பெக்டர் வைத்த முத்திரை அதையும் சேர்த்துத்தான். அதில் விண்டோஸை மாற்றினாலோ பைத்தானை மாற்றினாலோ இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து மேடையைச் சோதிக்க வேண்டும், அதற்குக் கோடையே வந்துவிடும். பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கியது எப்படி வந்ததோ அப்படியே இருந்தது.

பென் டிரைவைச் செருகினார். முதல் பேக்கேஜிலேயே கம்ப்யூட்டர் கையை விரித்தது: இது இந்த மெஷினுக்கானது அல்ல.

ராய்ஸ் வாசலில் சாய்ந்துகொண்டு நின்றார். "என்னாச்சு?"

"உங்க எஸ்கனாபாக்காரங்க தப்பாக் குடுத்திருக்காங்க."

ராய்ஸின் காதில் விழட்டும் என்றே அங்கிருந்தபடி மார்னிக்குப் போன் போட்டார். "உன் சர்வர் பொய் சொல்லுதும்மா! ஒண்ணுகூட ஏறல!"

"பொய் சொல்லாது. எந்த மெஷினுக்குன்னு சொல்லிக் கேட்டீங்க?"

"நீ கேட்டாத்தானே சொல்லுறதுக்கு!"

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "ஆமா, கேக்கல" என்றார் மார்னி, குரல் இறங்கி. "ஒண்ணும் சொல்லலைன்னா சர்வர் தன்னை மாதிரியே ஒரு மெஷின்னு நெனச்சுக்குது. இது லினக்ஸ், புது பைத்தான். எங்க ரெண்டு மில்லுலயும் அப்படித்தான் இருக்கு, அதனால எங்களுக்குத் தெரியவே இல்ல. நான் கமாண்ட் ஒண்ணு அனுப்புறேன். அதை அடிச்சா உங்க மெஷினே தன்னைப் பத்திச் சொல்லும். அதை அப்படியே அனுப்புங்க."

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா என் நாள் மிச்சம்!" என்று ஆர்வோ உறுமினார். கோபம் தலைக்கேறியபடியே மடியில் இருந்த லேப்டாப்பில் அந்தக் கமாண்டைத் தட்டி, வந்ததை அனுப்பினார். பதில் உடனே வந்தது. ஆபீஸுக்கு நடந்து, இறக்கி, திரும்பி வந்து, பென் டிரைவைச் செருகினார்.

இது இந்த மெஷினுக்கானது அல்ல.

"டெட்ராய்ட் நம்பரைத் தேடட்டுமா?" என்றார் ராய்ஸ்.

"தேடுங்க, தேடுங்க! தேடிட்டே இருங்க!"

மறுபடி மார்னியைக் கூப்பிட்டுக் கிழிக்க வேண்டும் என்று போனை எடுத்தவர், தான் அனுப்பியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். புது விண்டோஸ், அறுபத்து நாலு பிட், புது பைத்தான். எதிரே இருந்த திரையைப் பார்த்தார். பழைய விண்டோஸ், முப்பத்திரண்டு பிட், பழைய பைத்தான். தன் லேப்டாப்பின் அங்க அடையாளத்தைத்தான் அனுப்பியிருக்கிறார். கை எப்போதும் போலச் சொந்த லேப்டாப்புக்குத்தான் போயிருக்கிறது.

போன் கையிலேயே இருந்தது. சமையலறையில் ஒரு பகல் முழுக்க இறக்கியது, பங்கில் வரிசையை நிற்க வைத்து இறக்கியது, எல்லாமே இதே லேப்டாப்புக்காகத்தான். முக்கி முனகி அது ஒரு பதிலைக் கண்டுபிடித்திருந்தாலும், அந்தப் பதில் சமையலறை மேஜைக்குத்தான் பொருந்தியிருக்கும். மாதத்து இணையம் போனது, லெம்பியின் முகத்தில் முழிக்க முடியாமல் போனது, எல்லாம் நிரல் என்றைக்கும் ஓடப்போகாத ஒரு மெஷினுக்காக. என் மெஷின், என் மெஷின் என்று குளிர்காலம் முழுக்கக் கத்தினாரே, எந்த மெஷின்? நிரல் ஓட வேண்டியது இந்தத் தகரக் கூரைக்குக் கீழே. எஸ்கனாபாவும் தன்னைத்தான் நினைத்துக்கொண்டது, அவரும் தன்னைத்தான் நினைத்துக்கொண்டார். மேடைக் கம்ப்யூட்டரை ஒருத்தரும் நினைக்கவில்லை.

மார்னியைக் கூப்பிட்டார். "இன்னொரு மெஷின் இருக்கு. அதுக்கும் ஒரு தடவை கேட்டுப் பாப்போம்."

"எத்தனை மெஷின் வெச்சிருக்கீங்க ஆர்வோ?"

"கேள்வி கேக்காம வேலையைப் பாரும்மா."

மேடைக் கம்ப்யூட்டரில் கமாண்டை அடித்து, வந்ததைக் கையாலேயே போனில் தட்டி அனுப்பினார். பதில் அதே வேகத்தில் வந்தது. ஆனால் இந்த முறை பட்டியல் இல்லை. தீர்வு இல்லை என்று வந்தது.

ஆர்வோ நாற்காலியை உதைத்தார். இடுப்பில் வலி மின்னியது. "இல்லைன்னா என்ன அர்த்தம்? இவ்வளவு பெரிய சர்வர், இல்லைன்னு ஒத்தை வார்த்தை சொல்லத்தான் இருக்கா?"

"கீழ காரணம் எழுதியிருக்கு, படிங்க" என்றார் மார்னி. "டிக்கெட் அச்சடிக்குற பேக்கேஜ்ல புதுப் பதிப்புதான் வேணும்னு உங்க நிரல் அடம் பிடிக்குது. புதுப் பதிப்பு இந்தப் பழைய பைத்தான்ல ஏறாது. பழைய பதிப்பு போதும்னா எல்லாம் உக்காந்துடும். புதுசு எதுக்கு வேணும் உங்களுக்கு?"

எதற்கென்று ஆர்வோவுக்குத் தெரியும். டிக்கெட்டின் மேல் மூலையில் மரத்தின் வெட்டுமுகப் படம், வளையம் வளையமாக, அதன் கீழே சின்ன எழுத்தில் 'ஆர்வோ கெட்டுனென் எழுதியது'. அந்தப் படத்தை அச்சடிக்கப் புதுப் பதிப்பு தேவை. ஜனவரி முழுவதும் அதற்காகவே உட்கார்ந்திருந்தார். லாரிக்காரர்கள் அத்தனை பேரும் அந்த டிக்கெட்டைக் கண்ணாடியில் செருகிக்கொண்டு மாவட்டம் முழுக்கப் போவார்கள் என்று நினைத்திருந்தார்.

"சும்மா... அழகுக்கு" என்றார்.

"அழகா, திங்கக்கிழமையா?" என்றார் மார்னி.

ஆர்வோ படத்துக்கான வரிகளை அழித்தார். படம் போனதும் அதை ஒட்டியிருந்த பெயரும் போனது. ஒவ்வொரு வரியை அழிக்கும்போதும் பல்லுக்கிடையில் ஃபின்னிஷ் மொழியில் ஏதோ சொன்னார். ராய்ஸுக்கு ஃபின்னிஷ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. பழைய பதிப்பு போதும் என்று மாற்றி மறுபடி கேட்டார். பட்டியல் வந்தது. இறக்கினார், கொண்டுவந்தார், செருகினார். ஒன்று ஏறியது. இரண்டாவது ஏறியது. எல்லாம் ஏறின. அச்சு எந்திரம் கரகரத்து, படமில்லாத சாதா டிக்கெட் ஒன்றை வெளியே தள்ளியது. கறுப்பு எழுத்து, எண், அவ்வளவுதான். மளிகைக்கடை ரசீது மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலையில் முதல் லாரி மேடையில் ஏறியது. டிக்கெட் வந்தது. ஓட்டுநர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி, மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். யார் எழுதியது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அன்று முழுக்க லாரி வந்தது, டிக்கெட்டும் வந்தது.

சாயங்காலம் ராய்ஸ் காசோலை எழுதினார். ஆர்வோ பார்த்தார். ஐயாயிரத்து ஐந்நூறு.

"ஆறாயிரம் பேசுனோம்."

"படம் போட்ட டிக்கெட்டுக்குப் பேசுனோம். ஜனவரில நீங்கதானே கொண்டாந்து காட்டுனீங்க, இந்த மாதிரி டிக்கெட்டு அமெரிக்காலயே கிடையாதுன்னு? படம் எங்க?"

"அந்தப் படம் இல்லாததாலதான்யா ஓடுது!"

"ஓடட்டும். நல்லாத்தான் ஓடுது. ஐந்நூறு குறைச்சல்."

ஆர்வோ கால் மணி நேரம் கத்தினார். ராய்ஸ் அசையவில்லை. கடைசியில் காசோலையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் வங்கி திறந்ததும் போய்ப் பணமாக மாற்றினார். டிரக்குக்கு டயர் வாங்கலாம் என்று வைத்திருந்த கணக்கில் அந்த ஐந்நூறும் இருந்தது. வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு வண்டி ஓட்டினார்.

பங்கில் கூட்டமில்லை. பழைய குளிர்பெட்டியின் கதவு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. லெம்பி தலையைத் தூக்கவில்லை. "லேப்டாப் கொண்டு வந்திருந்தா வெளியவே நில்லு."

"கொண்டு வரல."

"அப்ப காப்பியா?"

"கையை நீட்டு."

லெம்பி நிமிர்ந்து பார்த்தார். ஆர்வோ பணக்கட்டை எடுத்ததைக் கண்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

ஆர்வோ எச்சில் தொட்டு எண்ணத் தொடங்கினார். நூறு, இருநூறு, முன்னூறு. ஒவ்வொன்றாக வைத்தார்.

"பெட்டிக்காரன் நாளைக்கே வர்றேன்னான். நிஜமாவே மில்லுல ஓடுதா?" என்றார் லெம்பி.

"ஓடுது. நடுவுல பேசாத. ஆயிரத்து நூறா, இருநூறா?"

"எனக்கென்ன தெரியும், நீதானே பெரிய கணக்கப்பிள்ளை."

ஆர்வோ பல்லைக் கடித்துக்கொண்டு, வைத்ததையெல்லாம் அந்தக் கையிலிருந்து திரும்ப எடுத்து, முதலிலிருந்து தொடங்கினார். லெம்பி இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. நீட்டிய கையையும் இறக்கவில்லை. ஒவ்வொரு தாள் விழும்போதும் உதடு மட்டும் கூடவே எண்ணியது. நாலாயிரம். நாலாயிரத்து நூறு. கடைசித் தாளை விரலால் ஒருமுறை தேய்த்து, இரண்டாக ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, அந்த உள்ளங்கையில் வைத்தார்.